நாடு விட்டோடிய இளவரசர் பாடனில் எழுதிய சமாதானம்

பாடன் எங்கள் பிள்ளைகளுக்குப் பிறந்த ஊர். எங்களுக்கு வந்து சேர்ந்த ஊர். வேலைக்கும் கடைக்குமாக நாளாந்தம் அந்தப் பழைய கோபுர வாசலுக்குக் கீழாலே போய் வருகிறோம். லிம்மற் ஆற்றங்கரையில் சுடுதண்ணி ஊறுவதும், மேலே குன்றில் ஓர் இடிந்த கோட்டை நிற்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஐரோப்பாவைப் பதின்மூன்று வருடங்களாக எரித்த ஒரு பெரிய யுத்தத்துக்குக் கடைசிக் கையெழுத்து விழுந்தது இந்தச் சின்ன ஊரிலேதான் என்பது எம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1714 செப்ரெம்பர் 7ஆம் திகதி இங்கே கையெழுத்தான ஒப்பந்தத்தைச் சரித்திரப் புத்தகங்கள் பாடன் சமாதானம் என்றே குறிப்பிடுகின்றன.

அன்று பேரரசரின் சார்பில் கையெழுத்து வைத்தவர் இளவரசர் யூஜின். ஜேர்மன் மொழியில் ஒய்கேன் என்பார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்தது பிரான்ஸ். இதில் புதினம் என்னவென்றால், யூஜின் பிறந்து வளர்ந்ததே பிரான்சின் தலைநகர் பரிசில்தான். பத்தொன்பது வயதில், கையில் பெரிதாக எதுவும் இல்லாமல், இரவோடு இரவாக அந்த நாட்டை விட்டு ஓடியவர் அவர். முப்பத்தொரு வருடம் கழித்து அதே மன்னனின் பிரதிநிதிகளுக்கு முன்னால் சரிக்குச் சமமாக உட்கார்ந்தார். அகதியாக வந்த எங்களுக்கு இவருடைய கதை தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இந்தப் புத்தாண்டு மலரில் அதை எழுதுகிறோம்.

கறுத்த அங்கி போட்ட சிறுவன்

யூஜின் 1663 ஒக்ரோபர் 18ஆம் திகதி பரிசில் பிறந்தார். தகப்பன் சவோய் அரச குடும்பத்தின் ஒரு கிளையைச் சேர்ந்த பிரபு. தாய் ஒலிம்பியா மன்சினி இத்தாலியப் பெண்மணி. பிரான்சை ஒரு காலத்தில் ஆட்டிப்படைத்த முதலமைச்சர் கர்தினால் மசறினின் மருமகள். பெரிய இடம்தான். ஆனால் பெரிய இடத்துச் சீவியம் நிலைக்கவில்லை. ஒன்பது வயதில் தகப்பன் இறந்தார். 1680 தையில், பிரான்சையே உலுக்கிய நஞ்சு வழக்கில் தாயின் பெயர் அடிபட்டது. பிடிபட்டால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் அவர் பிரசெல்சுக்கு ஓடிவிட்டார். பிள்ளைகளைப் பார்த்தது பாட்டியார்தான்.

ஆளைப் பார்த்தால் மெலிந்த, கட்டையான உருவம். முகமும் அவ்வளவு வடிவு இல்லை. இவருக்குத் தேவாலயம்தான் சரி என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். சின்ன வயதிலேயே கறுத்த அங்கியும் போட்டுவிட்டார்கள். யூஜினுக்கோ மனம் முழுக்கப் படையில்தான். கணிதமும் போர்க்கலையும் படித்தார். குதிரை ஓட்டப் பழகி உடம்பையும் உரமாக்கினார்.

1683 மாசியில், படையில் சேர அனுமதி தரும்படி மன்னன் பதினான்காம் லூயியிடம் போய்க் கேட்டார். மன்னன் மறுத்துவிட்டான். தாயின் வழக்குத்தான் காரணம் என்பார் சிலர். அவருடைய தோற்றமும் நடத்தையும் மன்னனுக்குப் பிடிக்கவில்லை என்பார் வேறு சிலர். எப்படியோ, பிறந்த நாட்டில் தனக்கு இடமில்லை என்பது அன்று அவருக்கு விளங்கிவிட்டது.

ஆடி மாதத்து ஓர் இரவு

அந்த வருட ஆடியில் துருக்கியப் பெரும்படை வியன்னா நகரைச் சுற்றி வளைத்திருந்தது. பேரரசர் லெயோபோல்ட் நகரைவிட்டுப் பாசாவுக்கு இடம்பெயர்ந்திருந்தார். அவருடைய படையில் இருந்த யூஜினின் தமையன் சண்டையில் காயப்பட்டு இறந்துபோனார். இந்தச் செய்தி வந்ததும் யூஜின் பொறுக்கவில்லை. ஜூலை 26 இரவு, கொன்ரி என்ற இளவரசரோடு சேர்ந்து பரிசை விட்டு வெளியேறினார். மன்னனுடைய ஆட்கள் பின்னாலே துரத்தினார்கள். பிராங்போட்டில் வைத்துக் கொன்ரி மனம் மாறித் திரும்பிப் போனார். யூஜின் போகவில்லை. தனியாகப் பாசா வரை போய்ப் பேரரசரிடம் தன்னை ஒப்படைத்தார்.

பேரரசர் இவரைச் சேர்த்துக்கொண்டார். போலந்து மன்னன் சொபியெஸ்கியின் உதவியோடு செப்ரெம்பர் 12ஆம் திகதி வியன்னா மீட்கப்பட்டபோது யூஜினும் அந்தப் படையில் ஒருவர். வருடம் முடியமுன்னமே ஒரு குதிரைப்படைப் பிரிவு இவர் பொறுப்பில் வந்துவிட்டது. இருபத்தொன்பது வயதில், 1693 இல், பீல்ட் மார்ஷல் என்ற உயர்ந்த பதவிக்கு வந்தார். பாஷை வேறு, ஆட்கள் வேறு, பழக்கவழக்கம் வேறு. அந்த அந்நிய நாட்டில் பத்தே வருடத்தில் இந்த உயரம். சும்மா சொல்லக்கூடாது, அது பெரிய காரியம்தான்.

1697 செப்ரெம்பர் 11ஆம் திகதி சென்ரா என்ற இடத்தில், ஆற்றைக் கடந்துகொண்டிருந்த துருக்கியப் படையை நடுவழியில் மறித்து அழித்தார். அதோடு இவருடைய பெயர் ஐரோப்பா முழுவதும் பரவியது. அந்த யுத்தம் 1699 இல் கார்லோவிற்ஸ் சமாதானத்தோடு முடிந்தது. ஆனால் வெற்றியை மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது. சென்ராவுக்கு அடுத்த மாதம் இவருடைய படை பொஸ்னியாவுக்குள் நுழைந்து சரயேவோ நகரைக் கொள்ளையடித்து எரித்தது. சரயேவோ மக்களும் பிற்காலத்தில், 1990களில், எங்களைப்போல அகதிகளாக இந்த நாட்டுக்கு வந்தார்கள். எரிந்த நகரம் என்றால் என்னவென்று எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. தளபதியின் புகழுக்குக் கீழே எப்போதும் ஒரு எரிந்த ஊர் இருக்கும்.

ஒரு முடிக்காகப் பதின்மூன்று வருடம்

1700 நவம்பர் 1ஆம் திகதி ஸ்பெயின் மன்னன் இரண்டாம் கார்லோஸ் பிள்ளையில்லாமல் இறந்தார். ஸ்பெயின் என்றால் அன்று ஸ்பெயின் மட்டுமல்ல. மிலான், நாப்பொலி, இன்றைய பெல்ஜியம், கடல் கடந்த அமெரிக்க நாடுகள் எல்லாம் அதற்குள் அடக்கம். இந்தப் பெரிய முதுசத்தை லூயியின் பேரன் பிலிப்புக்கு எழுதி வைத்துவிட்டு அவர் கண்ணை மூடினார். வியன்னாவில் இருந்த பேரரசரோ தன் மகன் சார்ள்ஸுக்குத்தான் அது சேரவேண்டும் என்றார். இங்கிலாந்தும் ஒல்லாந்தும் பிரான்ஸ் அளவுக்கு மிஞ்சிப் பெருத்துவிடும் என்று பயந்து பேரரசரோடு சேர்ந்தன. 1701 இல் யுத்தம் மூண்டது.

இந்த யுத்தத்தில் யூஜினும் ஆங்கிலத் தளபதி மார்ல்பறோவும் இரட்டை மாடுகள் போல ஒன்றாக இழுத்தார்கள். 1704 இல் புளென்ஹைம், 1706 இல் யூஜின் விடுவித்த ரூறின், 1708 இல் ஊடெனார்ட் என்று வெற்றி மேல் வெற்றி. தன்னைச் சிப்பாயாகக்கூடச் சேர்க்காத மன்னனின் படைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கடித்தார்.

1709 இல் சமாதானம் கையெட்டும் தூரத்துக்கு வந்தது. அந்த மாரியில் ஐரோப்பா கண்டிராத குளிர். பிரான்சில் விதைத்த தானியம் நிலத்திலேயே உறைந்து அழிந்தது. சனம் பட்டினியால் செத்தது. கிழ மன்னன் லூயி இறங்கி வந்தான். ஹேக் நகரில் பேச்சு நடந்தது. யூஜினும் அங்கே இருந்தார். மன்னன் ஏறக்குறைய எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தான். ஆனால் வென்றவர்கள் இன்னுமொன்று கேட்டார்கள். பேரன் ஸ்பெயினை விட்டுப் போகாவிட்டால், மன்னனே தன் படையை அனுப்பி அவனைத் துரத்தவேண்டுமாம்! சொந்தப் பேரனோடு யுத்தம் செய்யச் சொன்னதும் மன்னன் எழும்பிவிட்டான். பேச்சு முறிந்தது.

அந்த ஒரு நிபந்தனையின் விலை என்ன தெரியுமா? அதே வருடம் செப்ரெம்பர் 11ஆம் திகதி மல்பிளாக்கே களத்தில், ஒரே நாளில், இரண்டு பக்கமுமாக முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். யூஜின் காயப்பட்டார். எதிர்ப்பக்கத் தளபதி மார்ஷல் வில்லாருக்கு முழங்காலில் குண்டு பட்டது. களம் யூஜின் பக்கத்துக்கு; ஆனால் செத்தவர்களும் அந்தப் பக்கத்திலேயே கூட. வெற்றிக்கும் தோல்விக்கும் வித்தியாசம் காணமுடியாத வெற்றி அது. யுத்தம் இன்னும் ஐந்து வருடம் இழுபட்டது.

பிறகு காற்று மாறியது. 1711 சித்திரையில் பேரரசர் யோசப் அம்மை நோயில் இறந்தார். தம்பி சார்ள்ஸ் பேரரசர் ஆனார். ஸ்பெயினையும் அவரிடமே கொடுத்தால் பிரான்சுக்குப் பதிலாக ஒஸ்ரியா பெருத்துவிடுமே என்று இங்கிலாந்து கணக்குப் போட்டது. மார்ல்பறோ பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1712 தையில் யூஜின் தானே லண்டனுக்குப் போய் மன்றாடிப் பார்த்தார்; பலிக்கவில்லை. அந்த ஆடியில் டெனைன் என்ற இடத்தில் வில்லார், யூஜினின் கூட்டுப்படையை முறியடித்தார். 1713 இல் உற்றெக்ற் நகரில் மற்ற நாடுகள் பிரான்சோடு சமாதானம் செய்துகொண்டன. பேரரசர் மட்டும் தனித்து நின்றார். அந்த வருடம் வில்லார் லாண்டாவையும் பிரைபேர்க்கையும் பிடித்தார். இனிச் சண்டை பிடித்துப் பயனில்லை என்று பேரரசரிடம் எடுத்துச் சொன்னவர் யூஜின்தான். சண்டையால் பேரெடுத்தவரே சண்டை போதும் என்றார்.

இரண்டு தளபதிகள், ஒரு மேசை

1713 நவம்பர் 26ஆம் திகதி ராஸ்ரற் மாளிகையில் யூஜினும் வில்லாரும் சந்தித்தார்கள். இங்கே ஒரு குழப்பம் வரக்கூடாது. ராஸ்ரற் இருப்பது ஜேர்மனியில் உள்ள பாடன் நாட்டில். எங்கள் பாடன் வேறு.

இரண்டு பேரும் முன்னமே தெரிந்தவர்கள். வில்லார் வியன்னாவில் பிரெஞ்சுத் தூதுவராக இருந்தவர். அதற்கு முன் ஹங்கேரியில் துருக்கியருக்கு எதிரான சண்டையில் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றவர்கள். பிற்காலத்தில் களங்களில் எதிரெதிராக நின்றபோதும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள். பகலில் ஊர் ஊராக, கோட்டை கோட்டையாகப் பேரம் பேசினார்கள். இரவில் ஒன்றாகச் சாப்பிட்டுச் சீட்டு விளையாடினார்கள். அதற்காக விட்டுக்கொடுத்தார்கள் என்று நினைக்கவேண்டாம். 1714 மாசியில் பேச்சு முறியும் நிலைக்கு வந்தது. யூஜின் கடைசி நிபந்தனைகளை எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்ருட்காட்டுக்குப் போய்விட்டார். மன்னன் லூயி இறங்கி வந்த பிறகே திரும்பினார். மார்ச் முதல் வாரத்தில் கையெழுத்து விழுந்தது.

ஏன் பாடன்?

ராஸ்ரற் ஒப்பந்தம் பேரரசருக்கும் பிரான்சுக்கும் இடையிலானது. ஆனால் புனித ரோமப் பேரரசு என்பது நூற்றுக்கணக்கான சிற்றரசுகளும் நகரங்களும் சேர்ந்த ஒன்று. அவற்றின் பேராலும் முறைப்படி ஒரு சமாதானம் எழுதியாகவேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் பயமில்லாமல் வந்து போகக்கூடிய இடம் வேண்டும். சுவிஸ் கூட்டுநாடு அந்த யுத்தத்தில் சேராமல் ஒதுங்கி நின்றது. பாடன் நகரமோ பல காலமாகச் சுவிஸ் மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடிப் பேசிய இடம். சபை மண்டபம் இருந்தது. சுடுதண்ணிக் குளிப்புக்கு வருகிற பிரபுக்கள் தங்கும் விடுதிகளும் இருந்தன.

அதே சமயம் பாடனும் காயப்பட்ட ஊர்தான். இரண்டு வருடம் முன்பு, 1712 இல், சுவிசின் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டு யுத்தத்தில் சூரிச்சும் பேர்ணும் பாடனைக் குண்டுவீசிப் பிடித்தன. குன்றின் மேலிருந்த ஸ்ரைன் கோட்டையை இடித்தார்கள். நாங்கள் இன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறிப் பார்க்கிற இடிபாடு அதுதான். யுத்தத்தில் தோற்ற ஊரிலே ஐரோப்பாவின் சமாதானம் எழுதப்பட்டது.

1714 யூன் மாதம் மாநாடு தொடங்கியது. பிரான்சின் சார்பில், சொலத்தூணில் தூதுவராக இருந்த டு லுக் பிரபுவும் சென்-கொன்ரெஸ்ற் என்பவரும் வந்தார்கள். பேரரசரின் சார்பில் கோயஸ் பிரபுவும் சைலேர்ண் என்பவரும். கோடை முழுவதும் பேச்சு. குளிப்பும் விருந்தும் ஒரு பக்கம், எழுத்து வேலை இன்னொரு பக்கம். செப்ரெம்பர் தொடக்கத்தில் யூஜினும் வில்லாரும் நேரில் வந்து சேர்ந்தார்கள். 7ஆம் திகதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ராஸ்ரற்றில் பிரெஞ்சில் எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே, பேரரசின் வழக்கப்படி இலத்தீனில் எழுதினார்கள்.

சாரம் இதுதான்: பிரான்ஸ் ஸ்ராஸ்பூர்க்கையும் அல்சாசையும் லாண்டாவையும் வைத்துக்கொண்டது. றைன் ஆற்றின் வலது கரையில் பிடித்த பிரைபேர்க், பிறைசாக், கேல் ஆகியவற்றைத் திருப்பிக் கொடுத்தது. பேரரசருக்கு இன்றைய பெல்ஜியம், மிலான், நாப்பொலி, சார்டினியா கிடைத்தன. லூயியின் பேரன் ஸ்பெயின் அரியணையிலேயே இருந்தான். கூட்டிக் கழித்துப் பார்த்தால், 1709 இல் பேரரசர் பக்கத்துக்குக் கிடைக்கவிருந்தது இதைவிடக் கூட. இடையில் போன உயிர்கள் ஒருவருக்கும் திரும்பக் கிடைக்கவில்லை.

மேசையில் இடம் கிடைக்காதவர்கள்

இந்தக் கதையில் நாங்கள் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஸ்பெயினின் கற்றலோனிய மக்கள் இந்த யுத்தத்தில் பேரரசர் பக்கம் நின்றவர்கள். சார்ள்ஸ் பல வருடம் பார்சலோனாவில் இருந்துதான் ஸ்பெயினின் முடிக்குப் போராடினார். தங்கள் பழைய உரிமைகளைக் காப்போம் என்று 1705 இல் இங்கிலாந்து கொடுத்த வாக்கை நம்பினார்கள். உற்றெக்றில் இங்கிலாந்து தன் பங்கான ஜிப்ரோல்டரையும் மினோர்க்காவையும் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டியது. ராஸ்ரற்றில் கற்றலோனியர் விஷயம் எழுந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் அவர்கள் உரிமைக்கு ஒரு வரி ஏறவில்லை.

பாடனில் கையெழுத்து வைத்துச் சரியாக நாலாம் நாள், 1714 செப்ரெம்பர் 11ஆம் திகதி, பதினான்கு மாத முற்றுகைக்குப் பிறகு பார்சலோனா விழுந்தது. 1716 இல் வந்த அரச கட்டளை அவர்களுடைய சட்டங்களையும் சபைகளையும் ஒழித்தது. நீதிமன்றத்தில் கஸ்ரிலிய மொழியே மொழி என்றானது. ஏராளம் பேர் அகதிகளாகப் பேரரசரின் நாடுகளுக்கு ஓடினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை 1730களில் டன்யூப் ஆற்றுப் பக்கம் பனாற் பிரதேசத்தில் குடியேற்றினார்கள். அங்கே தாங்கள் கட்டிய ஊருக்கு அவர்கள் வைத்த பெயர் புதிய பார்சலோனா. நோயும் வறுமையுமாகச் சில வருடத்தில் அந்தக் குடியேற்றம் அழிந்துபோனது. ஆனால் கற்றலோனியர் செப்ரெம்பர் 11 ஐ இன்றும் தங்கள் தேசிய நாளாக நினைவுகூருகிறார்கள்.

பனாற்றை 1716 இல் துருக்கியரிடமிருந்து மீட்டவரும் யூஜின்தான். பாடனில் அவர் கையெழுத்திட்ட சமாதானம் மறந்துபோன மக்களுக்கு, அவர் பிடித்த மண்ணிலேயே கடைசி அடைக்கலம் கிடைத்தது. இதைச் சரித்திரத்தின் விளையாட்டு என்பதா, என்னவென்று சொல்வது?

மூன்று மொழியில் ஒரு கையெழுத்து

1717 இல் பெல்கிறேட்டைப் பிடித்தது யூஜினின் மிகப் புகழ்பெற்ற வெற்றி. அதைப் பற்றிய நாட்டுப்பாடல் ஜேர்மன் மொழி பேசும் நாடுகளில் இன்றும் தெரிந்தது. பிற்காலத்தில் வியன்னாவில் பெல்வடேர் மாளிகையைக் கட்டினார். ஏறக்குறைய பதினையாயிரம் புத்தகங்கள் சேர்த்தார்; அவை இன்று ஒஸ்ரியத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. கலியாணம் செய்யவில்லை. 1736 சித்திரை 21ஆம் திகதி, எழுபத்திரண்டு வயதில், நித்திரையிலேயே காலமானார். வியன்னா ஸ்ரெபான் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். பிரான்சில் வாழ என்று அவர் திரும்பிப் போகவேயில்லை.

அவருடைய கையெழுத்தை எங்கள் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும். பெயரை இத்தாலிய முறையில் எழுதுவார், நடுவில் ஜேர்மன் சொல், குடும்பப் பெயர் பிரெஞ்சில். தாயின் மொழி, சேவை செய்த நாட்டின் மொழி, வளர்ந்த ஊரின் மொழி மூன்றையும் ஒரு கையெழுத்துக்குள் வைத்தார். ஒன்றுக்காக இன்னொன்றை விடவில்லை. வீட்டில் தமிழும், பள்ளிக்கூடத்தில் ஜேர்மனும் பிரெஞ்சுமாக வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அவர் கட்டிய பெல்வடேர் மாளிகையிலேதான் 1955 மே 15ஆம் திகதி, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஒஸ்ரியாவின் சுதந்திரத்தை மீட்டுக்கொடுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மேசையில் ஒஸ்ரியாவுக்கும் ஒரு கதிரை இருந்தது. கற்றலோனியருக்கும் ஒஸ்ரியருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் அதுதான்.

பேச்சுமேசை எங்களுக்கும் புதிதல்ல. 1985 இல் திம்பு, 2002 முதல் நோர்வேயின் அனுசரணையில் பல சுற்று, 2006 இல் இந்த நாட்டிலேயே ஜெனீவாவில் இரண்டு முறை. ஒவ்வொரு முறையும் வானொலிக்குப் பக்கத்தில் காத்திருந்தோம். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. ஆனால் அது ஒரு மேசையில் முடியவில்லை. அதனால்தான் பாடன் சமாதானத்தை நாங்கள் இரண்டு கண்ணாலும் பார்க்கவேண்டும். வெல்லுகிற நேரத்தில் அளவோடு கேட்கத் தெரியாவிட்டால் சமாதானம் கைநழுவிப் போகும் என்பது ஒன்று. மேசையில் கதிரை இல்லாத மக்களுடைய உரிமையை மற்றவர்கள் நினைத்து எழுதித் தரமாட்டார்கள் என்பது மற்றது.

அன்று தூதுவர்கள் நடந்த அதே கல்லுத்தெருக்களில்தான் நாங்கள் நடக்கிறோம். சுவிஸ் மாநிலங்கள் கூடிய பழைய சபை மண்டபம் நகரசபைக் கட்டிடத்தில் இன்றும் இருக்கிறது. இந்தச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோட்டை இடிபாட்டுக்கு ஏறுங்கள். அங்கிருந்து ஊரைக் காட்டி, நாடு விட்டு ஓடிய ஒருவர் ஒரு யுத்தத்தை முடிக்க வந்த இடம் இது என்று சொல்லிக் கொடுங்கள். பார்சலோனாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அனைவருக்கும் இனிய புத்தாண்டு வாழ்த்துக்கள்.